கலங்கல்

லிஃப்ட் திறந்ததும் முகத்தில் மோதின
பாட்டு, ஏசி, பூண்டு, பீர்.
வெளியே இரவு எட்டரை மணிக்கும்
பகலிடம் கடன் வாங்கிய மலைகள்
வேலூருக்கு வட்டியோடு திருப்பிக்கொண்டிருந்தன.

"நாலு பேரும் லேடீஸா?"
மெனு அட்டையால் கேள்வியைப் பாதி மறைத்தார் கஜபதி.
"நாலு பேரும் பசியோட" என்றாள் தெபோரா.
'குடும்பத்தினர்' என்று எழுதிய மூலையை
அவர் கை காட்டுவதற்குள்
நஸ்ரீன் நடு மேசையில் பையை வைத்துவிட்டாள்.

பலகையில் 'தாய் சமையல்' என்றிருந்தது.
எந்தத் தாயும் எனக்கு இப்படிச் சமைத்ததில்லை.
சுவர் முழுக்க நீலக் கடல், ஒரு படகு.
பாலாற்றுப் பாலத்தில் தினம் மணலைக் கடந்து
வேலைக்கு வருகிற எனக்கு
படத்துத் தண்ணீர் மேலும் பொறாமைதான்.

டாம் யம் வந்தது.
முதல் கரண்டி, ரசம்.
இரண்டாவது, ரசத்துக்கு யாரோ செய்த துரோகம்.
மூன்றாவதில் மூக்கு ஒழுகி
பேச்சை நிறுத்தினேன்.
பல்லில் ஏதோ மரத்துண்டு. கடித்தால்
லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடையில்
இருமலுக்குப் பொட்டலம் கட்டித் தரும்
அரத்தை!

"கலங்கல் மேடம்" என்று திருத்தினார் கஜபதி,
அட்டையில் இருந்தபடியே.
கலங்கலா?
ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர்
வழிந்து போகிற கல்கட்டு அல்லவா அது.
சர்க்கார் காகிதத்தில்தான் கலங்கல்,
எங்கள் பக்கம் கோடி.
அதைச் சொல்வதற்குள் பாட்டு மாறியது,
பக்கத்து மேசையில் யாரோ விசிலடித்தார்கள்.

பச்சைக் குழம்பில்
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் மிதந்தது,
பாஸ்போர்ட் எடுத்துப் போய்
ஆள் மாறித் திரும்பி வந்ததுபோல.
திருநீற்றுப்பச்சிலை, நாரத்தை இலை,
தேங்காய்ப்பால் குடியாத்தத்துக் காய்.
"சமையல்காரர் தாய்லாந்தா?"
கஜபதி குரலைத் தாழ்த்தினார்:
"மிசோரம். அக்கா வைத்தியத்துக்குக் கூட வந்தவரு.
அக்கா போய்ட்டாங்க. இவரு இங்கியே தங்கிட்டாரு."
போய்ட்டாங்க என்றால் ஊருக்கா என்று
நாங்கள் நாலு பேரும் கேட்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்.
இடப்பக்க மேசையில், மீன் சாஸ் பாட்டிலுக்கு அடியில்
ஏசிக் காற்றில் பறக்காமலிருக்க
ஒரு பழுப்பு உறை.
எங்கள் லேப் உறை.
ஓரத்தில் ஸ்டேப்ளர் கோணலாக அடிப்பது
என் பழக்கம்.

நான் டாக்டர் இல்லை. தட்டச்சு.
'புற்றணுக்கள் காணப்படவில்லை' என்று
இன்று பதினோரு முறை அடித்தேன்.
வேறு மாதிரி நான்கு.
யார் பிரிக்கிறார்கள், நின்றா உட்கார்ந்தா,
பதினாறு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வங்காளிக் குடும்பம்.
கழுத்தில் பிளாஸ்திரியோடு ஒருவர்,
மனைவி, இரண்டு மச்சான்கள் போல இருவர்,
லாட்ஜ் வாசத்தில் தமிழ் பொறுக்கிய ஒரு பையன்.
"அண்ணா, காரம் கம்மி" என்றான் அவன்.
பிளாஸ்திரிக்காரர் கையைத் தூக்கினார்.
மூன்று மாதக் கஞ்சியை
மேசையிலிருந்து ஒதுக்கித் தள்ளுவதுபோல
"கம்மி இல்லே.
ஜாஸ்தி."
மேசையே கைதட்டியது.

"ஏய், பேயறஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள் நஸ்ரீன்.
"அரத்தையைக் கடிச்சிட்டேன்."
தெபோரா என் தட்டில்
இன்னொரு இறாலைப் போட்டாள்.

அவர் ஒரு கரண்டி குடித்தார்.
இன்னொன்று. கண் நிறைந்து
கன்னம், தாடை, பிளாஸ்திரியின் ஓரம் வரை வந்தது.
காரம்தானா என்று யாரும் விசாரிக்கவில்லை.
மனைவி டிஷ்யூவை நீட்டினாள்,
அவர் வாங்கவில்லை.

கோடி போகுது என்று
வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.
பிறகு பில் வந்தது,
ஆளுக்கு அறுநூற்று நாற்பது,
சில்லறைக்கு வழக்கம்போலச் சண்டை.